பதறும் பிள்ளையும் நேரமில்லாத பெற்றோரும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசு" என்றார். நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர். ஸ்பிண்டில் வேகம் பற்றி அரை மணி நேரம் பேசினால் இந்த அரங்கத்தில் யார் விழித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் வேறொரு விஷயம் எடுத்துக்கொண்டேன். வந்திருக்கும் சீனியர்கள் பலர் வீட்டில் இப்போது பத்தாவதோ ப்ளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கிறது. மாணவர்களான நீங்களோ நேற்றுவரை அந்தப் பிள்ளைகளாக இருந்தவர்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவான பேச்சு இது.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். மூன்று ஷிஃப்ட். மச்சானுக்கு ஹார்டுவேர் கடை. காலை எட்டரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதரைக்குத்தான் ஷட்டர் இறங்கும். ஒரே பையன். பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து நல்ல மார்க் வாங்கினான். ப்ளஸ் ஒன்னுக்கு ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்தார்கள். ஜூலை மாதம் வயிற்றுவலி ஆரம்பித்தது. முதலில் திங்கட்கிழமை மட்டும். பிறகு செவ்வாய், புதன். ரத்தம் பார்த்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் ஏண்டா நடிக்கிற?" என்று வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் கேட்டார். பையன் அன்றைக்குப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லை. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.)

அவன் நடிக்கவில்லை. பயம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது, செரிமானம் மட்டுப்படுகிறது. வயிறு நிஜமாகவே வலிக்கும். ஸ்கேனில் தெரியாது, அவ்வளவுதான். நம் ஆட்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மோட்டாரில் பழுது இருக்காது, ஆனால் ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகும். செட்டிங் தேவைக்கும் கீழே இருக்கும். அரைகுறை எலக்ட்ரீசியன் என்ன செய்வான்? ஒன்று, ரிலேயை பைபாஸ் பண்ணுவான். இல்லையென்றால், "ட்ரிப் ஆகுதே" என்று மெஷினை ஓட்டாமலே நிறுத்தி வைப்பான். பெற்றோர்களும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். "இதுக்கெல்லாமா பயப்படுவ, போடா" என்பது முதல் வகை. "பாவம், இன்னிக்கு லீவு போட்டுக்கோ" என்பது இரண்டாவது.

இந்த இரண்டாவது வகை அன்பாகத் தெரிவதால்தான் ஆபத்து. லீவு போட்ட அந்த நிமிடமே வலி குறைகிறது. மூளை என்ன கற்றுக்கொள்கிறது? 'போகாமல் இருந்ததால்தான் தப்பித்தேன்' என்று. மறுநாள் பயம் இன்னும் சீக்கிரமாக வருகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக்கூட பாசிட்டிவ் ஃபீட்பேக் என்றால் என்னவென்று ஞாபகம் இருக்கும். பயப்படும் இடத்தை விட்டு ஓடாமல் கொஞ்ச நேரம் நின்றால், பதற்றம் ஏறி, பிறகு தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தை ஒரு தடவையாவது பிள்ளை தன் உடம்பில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகள், எல்லோருக்கும் பதற்ற நோய். ஒரு பாதிக்கு நேரடியாகப் பேச்சுச் சிகிச்சை. மறுபாதியில் பிள்ளையைக் கூப்பிடவே இல்லை. பெற்றோருக்கு மட்டும் 12 வாரம் பயிற்சி. இரண்டிலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. பெற்றோருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? பயத்துக்காக வீட்டில் செய்யும் சலுகைகளைப் படிப்படியாகக் குறைப்பது. குறைக்கும்போது பிள்ளையோடு சேர்ந்து நிற்பது. பிள்ளையைத் திருத்துவதற்கு முன்னால் பெற்றவர்கள் தங்கள் கையில் இருப்பதை மாற்றுகிறார்கள். நேரமில்லாத பெற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது.

அக்கா அவனை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போனாள். "நாலு பேரு பாத்தா என்ன சொல்வாங்க" என்ற பேச்சு வீட்டில் வராமல் இல்லை. "நாலு பேருக்கு நான் ஊசி போடுறவ, அவங்க என்ன சொன்னா என்ன" என்று போய்விட்டாள். அங்கே இருந்த உளவியலாளர் அரை மணி நேரத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். பயம் பள்ளிக்கூடத்தின் மேல் இல்லை. இரண்டாவது பீரியடில் எழுந்து நின்று ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஒருநாள் உச்சரிப்பு பிசகி வகுப்பே சிரித்திருக்கிறது. மூன்று மாதம் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. வகுப்பாசிரியரிடம் பேசி ஒரு ஏற்பாடு. முதல் சில நாள் பள்ளி வாசல் வரை போய் பத்து நிமிடம் நின்றுவிட்டு வருவது. அடுத்து முதல் பீரியட் மட்டும். அப்புறம் மதியம் வரை. வீட்டில் அக்கா முன்னால் ஒரு பத்தி வாசிப்பது, பிறகு என் முன்னால், பிறகு ஒரு நண்பன் முன்னால், கடைசியில் வகுப்பில் நான்கு வரி. நடுவில் இரண்டு தடவை சறுக்கினான். ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறினான். முழுநாள் பள்ளியில் உட்கார ஆறு வாரம் ஆனது.

இதற்கெல்லாம் நேரம்? மச்சான் கடையை மூடவில்லை, அக்கா வேலையை விடவில்லை. இரவு ஷட்டர் இறக்கியதும் மச்சான் வீட்டுக்கு வந்து பையனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போவார். பால் வாங்க என்று பேர். இருபது நிமிடம். பின்னால் உட்கார்ந்திருப்பவன் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயே பேச்சு வந்தது. எதிரே உட்காரவைத்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் நானே பேசமாட்டேன், வைவா மாதிரி இருக்கும். அக்கா தன் ஷிஃப்ட் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். அதற்குமுன் அவளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போன் வரும், "எப்பம்மா வருவ?" என்று. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரே ஒரு போன் என்று பேசி முடிவு செய்தார்கள். அந்த ஒரு போனை மட்டும் அவள் எந்த வேலை இருந்தாலும் எடுத்துவிடுவாள். நீண்ட நேரம் கிடைக்காத வீட்டில், குறைந்த நேரம் தவறாமல் கிடைத்தால் போதுமானதாகிவிடுகிறது.

பேச்சிலும் ஒரு மாற்றம் வந்தது. "பயமா இருக்குன்னு தெரியுதுப்பா. உன்னால தாங்க முடியும்னும் தெரியும்." இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தே வர வேண்டும் என்று உளவியலாளர் சொன்னாராம். முதலாவது மட்டும் சொன்னால் அனுதாபம், இரண்டாவது மட்டும் சொன்னால் அதட்டல். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கு வீட்டில் தடை. இந்த மாதிரி சந்திப்புகளுக்கு வருகிற நமக்கு அந்தத் தடை கொஞ்சம் கஷ்டம்தான்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். இரவு பதினொன்று வரை படிப்பு, காலை ஐந்துக்குக் கோச்சிங் என்று வைத்துவிட்டு, பிள்ளை ஏன் படபடக்கிறான் என்று கேட்பதில் பொருளில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். வாரக்கணக்கில் பள்ளிக்குப் போகாமல் இருப்பது, தூக்கமும் சாப்பாடும் விட்டுப்போவது, மூச்சு முட்டும்படி திடீர்ப் பதற்றம் திரும்பத் திரும்ப வருவது, இதெல்லாம் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். "செத்துப் போயிடலாம்போல இருக்கு" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. அதைப்பற்றி நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு டெலிமானஸ் என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அப்பா அம்மாவிடம் சொல்லாததை உங்களிடம்தான் முதலில் சொல்வார்கள். கேட்டுவிட்டு, பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். ரகசியம் காக்கிறேன் என்று தனியாகச் சுமக்க வேண்டாம். விடுதியில் அறைத்தோழன் மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திவிட்டு, லேப் இருக்கும் நாளிலெல்லாம் காய்ச்சல் என்று படுத்திருந்தால், ஒருநாள் கூடவே லேப் வாசல் வரை நடந்துபோய்ப் பாருங்கள்.

அக்கா மகன் இப்போது ப்ளஸ் டூ. பரீட்சை வாரத்தில் வயிறு வலிக்கத்தான் செய்கிறது. வலியோடு சாப்பிட்டு, வலியோடு பஸ் ஏறுகிறான். ஸ்கூட்டர் சுற்று மட்டும் நிற்கவில்லை. போன மாதம் மச்சானுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் பையன் ஓட்ட ஆசைப்பட்டான். லைசென்ஸ் வரட்டும் என்று மச்சான் மறுத்துவிட்டார்; இரண்டு பேரும் நடந்தே போய்ப் பால் வாங்கி வந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒர்க்‌ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். மேடையில் கேட்க முடியாத கேள்வி இருப்பவர்கள் அங்கே வரலாம்.