பூட்டு மட்டும் போதாது

நாம் கூடியிருக்கும் டோபி காட், சலவைத் தொழிலாளர்களால் பெயர் பெற்ற இடம். பிறர் துணியை மாறாமல், தொலையாமல் திருப்பித் தருவதே அவர்களது நாணயம். நம் விவரங்களை வாங்கி வைக்கும் நிறுவனங்களுக்கும் அதே நாணயம் வேண்டாமா?

2018ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து தகவல் திருட்டு தொடங்கியது. 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் பறிபோயின. அவர்களில் சுமார் 160,000 பேரின் மருந்துக் குறிப்புகளும் போயின. அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் குறிப்பும் தப்பவில்லை.

விசாரணைக் குழு கண்டது என்ன? ஊழியர் சிலர் சந்தேக நடமாட்டத்தை முன்பே கவனித்திருந்தனர். மேலிடத்திற்குச் சொல்ல வேண்டியவர்களோ தாமதித்தார்கள். 2019 ஜனவரியில் சிங்ஹெல்த்துக்கும் அதன் கணினி நிர்வாக நிறுவனத்துக்கும் மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

அலுவலகத்தில் பணிபுரியும் நேயர்களே, ஐயம் எழுந்தால் அன்றே சொல்லுங்கள். மேலதிகாரிகளே, சொல்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.