பாறுகளைக் காக்கும் பொறுப்பு
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். கிராம வளர்ச்சிக்கும் கழுகுக்கும் தொடர்பென்ன என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு நமது மாட்டுத் தொழுவத்திலேயே இருக்கிறது.

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே பாய்ந்து, பவானிசாகரில் பவானியுடன் கூடும் மாயாற்றின் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டில் பாறுகள் வாழும் முதன்மையான இடமாகும். வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நால்வகைப் பாறுகள் இங்குக் காணப்படுகின்றன. ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுவதால், குறைந்த இனம் மீண்டும் பெருகுவது எளிதன்று. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் வந்து அமுதுண்ட பறவைகள் மஞ்சள்முகப் பாறுகளே என்பதைப் பெரியோர் அறிவர். இன்று அவை அங்கு வருவதில்லை.

செத்த மாட்டைச் சில மணி நேரத்தில் வெறும் எலும்பாக்கி, ஊருக்கு நாற்றமும் நோயும் அணுகாமற் காப்பவை இப்பறவைகள். அவை மறைந்த இடங்களில் அழுகும் உடல்களைத் தேடி தெருநாய்கள் பெருகின. வட இந்தியச் சாலைகளையொட்டி எடுத்த கணக்கின்படி, வெண்முதுகுப் பாறுகள் 1992-இல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சியது.

இதற்குக் காரணம் வேடரல்லர். மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் ஊசி மருந்தே என்று 2004-இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மருந்தேற்றிய சில நாட்களுள் மாடு இறந்தால், அதன் இறைச்சியை உண்ட பாறு சிறுநீரகம் கெட்டு மடிகிறது. நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்திருந்தாலே இனம் அழியப் போதுமானது. கால்நடைகளுக்கான இம்மருந்தை 2006-இல் மத்திய அரசு தடை செய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளை மாட்டுக்குப் போடுவதைத் தடுக்க 2015-இல் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. எனினும் சட்டம் ஒவ்வொரு தொழுவத்தையும் எட்டிப் பார்க்க இயலாது. அங்குக் காவலர் நாமே.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, கால்நடை மருத்துவரைக் கேளாமல் கடையில் ஊசி வாங்கிப் போடலாகாது. பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகம் இருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது, தடை செய்த மருந்து போட்ட மாடு இறந்தால், திறந்த வெளியில் எறியாது ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது, செத்த உடலில் விஷம் தடவுதல் கூடவே கூடாது. புலிக்கும் சிறுத்தைக்கும் பசுவைப் பறிகொடுத்த குடும்பத்தின் வேதனையை நாம் அறிவோம். ஒரு பசு போனால் அவ்வீட்டின் பால் வரும்படியே போகிறது. ஆனால் அவ்விஷம் புலியோடு நிற்பதில்லை. ஒரே உடலில் கூடி உண்ணும் பாறுக்கூட்டம் முழுவதையும் மாய்த்துவிடும். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுங்குற்றமுமாகும். இழப்புக்கு வனத்துறையினர் நிவாரணம் வழங்குகின்றனர். செய்தி அறிந்த அன்றே உறுப்பினர்கள் உடனிருந்து மனு எழுதிக் கொடுத்து, தொகை விரைவில் கைக்கு வரச் செய்ய வேண்டும். ஏழையின் இழப்பை ஊராட்சி பகிர்ந்துகொண்டால், விஷப் புட்டியைத் தேடும் கை தானே நின்றுவிடும்.

வரும் கிராம சபையிலேயே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, மருந்துக் கடைக்காரருக்கும் அறிவியுங்கள். மாயாற்று வானில் நம் பேரர்களும் பாறு வட்டமிடக் காண வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.