மேடையில் நின்ற சிறுவன்



ஒரு சனிக்கிழமை காலை, பத்திரிகையின் மூலையிலே சிறு விளம்பரமொன்று கண்டேன். பெற்றோரை இழந்த சிறாரின் இல்லமொன்றுக்கு நிதி திரட்ட, அன்று மாலை யாழ்ப்பாணத்தில் மாணவர் இசைநிகழ்ச்சி. முன்யோசனை ஏதுமின்றி வவுனியாவில் புகையிரதம் ஏறிவிட்டேன். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணம் செல்லாதிருந்த வண்டியல்லவா! ஆனையிறவுக் கடனீரேரியைச் சன்னலூடாகக் காண்பது எனக்கு இன்றும் ஒரு விருந்து.

பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள். சுருதி சில இடங்களில் விலகிற்று, அதனாலென்ன? 1750 இல் இலண்டனில் ஹண்டெல் என்னும் இசைமேதை, கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்துக்காகத் தமது 'மெசையா'வை நிகழ்த்தியபோது இடமின்றிப் பலர் திரும்பினர். இங்கும் வாசல்வரை சனந்தான்.

இடைவேளையில் இல்லத்துப் பிள்ளைகளை மேடையேற்றி, காசோலை வழங்குவதைப் படம் பிடித்தார்கள். பத்து வயதிருக்கும் ஒருவன், படம் பிடித்து முடியும்வரை தன் கால்விரல்களையே பார்த்து நின்றான். பாட்டிலே அவனை எவரும் சேர்க்கவில்லை. எனக்கு நெஞ்சு சுட்டது. என் பாடசாலை மேடையிலும் எத்தனை ஆண்டுகள் இவ்வாறே பெயர் கூப்பிட்டு இலவசக் கொப்பிகள் வழங்கியிருக்கிறேன்!

அடுத்த வாரமும் அத்தகைய வைபவமொன்று இருந்தது. இரவு பேருந்தில் திரும்பும்போதே பிரதி அதிபரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மேடை வேண்டாம், வகுப்பிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவோம்" என்றேன்.

"செலவுக்கு என்ன செய்வது, சேர்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பேசுவோம் என்றேன்.