வடகரையில் ஒரு பகல்



சீசனுக்குக் குற்றாலம் போகாதவர் நம்மில் யாருமில்லை. பக்கத்திலிருக்கிற வடகரையை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? நானே இந்த வருஷம்தான் போனேன்.

செங்கோட்டைக் கணவாய் வழியா வருகிற தென்மேற்குச் சாரல் நமக்கு அருவிக் குளியல். அவங்களுக்குக் கார் நெல். மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை பெருகினால் வடகரை வயலில் நடவுதான்.

வரப்பில் நின்ற விவசாயி, "தண்ணிக்குக் குறையில்லை அண்ணாச்சி, ராத்திரித் தூக்கம்தான் இல்லை" என்றார். மலையிலிருந்து இறங்கிய யானைகள் குருத்துக்காகச் சாய்த்த தென்னைகளைக் காட்டினார். பிள்ளை மாதிரி தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள். ஆனாலும் யானையைத் திட்டவில்லை. "அதுவும் பசிக்குத்தானே வருது?" என்றார்.

கிளம்பும்போது நாலு தேங்காய் கொடுத்தார். காசு நீட்டினேன்; வாங்கவில்லை.

"விழுந்த மரத்துக் காய்தானே, கொண்டு போங்க."