வாயிலில் நின்றவர்களுக்கு யார் துணை?
(வெள்ளி விழா அரங்கில் நிகழ்த்திய உரை)



ஊரார் பிணங்களைத் தொட்டுச் சுமக்கும் தொழிலைச் சாதி நம் முன்னோர்மீது சுமத்தியது. கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020, 2021 ஆம் ஆண்டுகளிலோ, நம் வீட்டுப் பிணத்தையே நாம் தொட இயலாத நிலை வந்துற்றது. அந்நாளில் மருத்துவமனை வாயிலில் கதறி நின்றோருக்கு யார் துணை? அதைக் குறித்தே பேச விழைகிறோம்.

மருத்துவ சமூகப் பணியாளர் என்போர் உளர். இந்தியாவில் இப்பணியிடம் முதன்முதலாக 1946இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் ஏற்பட்டது. நோயாளியின் குடும்பநிலை அறிந்து உதவுவதே இவர்தம் கடமை.

நம் தெருவைச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் 2021 மே மாதம் மருத்துவமனையில் உயிர்நீத்தார். முகத்தைக்கூடப் பார்க்கவியலாது என்று வாயிலில் கூறிவிட்டனர். அவர்தம் மனைவி வெயிலில் அரைநாள் நின்றார். அப்போது ஒரு சமூகப் பணியாளர் வெளியே வந்தார். உடலைத் தொடவோ நீராட்டவோ கூடாது. ஆயினும் உறையைச் சற்றே திறந்து முகம் காட்டலாம் என்னும் நடுவண் அரசின் 2020 மார்ச் மாத நெறிமுறையை எடுத்துரைத்தார். அந்த அம்மையார் கணவர் முகத்தைக் கண்டார். கைப்பேசியும் மூக்குக் கண்ணாடியும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டன. மறுவாரம் அதே பணியாளர் தொலைபேசியில் அழைத்து, “சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்டாராம். அதை அந்த அம்மையார் இன்றும் சொல்லிக் கண்கலங்குகிறார்.

இப்பணிக்கு இரக்கம் மட்டும் போதாது. சட்ட அறிவும் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் 30 தீர்ப்பினை அடுத்து, இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வகுக்கப்பட்டது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய், ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் ரூபாய் எனத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதம் அறிவித்தது. ஆயின், இறப்புச் சான்றில் காரணம் வேறாக எழுதப்பட்டிருந்தால் மாவட்டக் குழுவிடம் முறையிட வேண்டியிருந்தது. எழுத்தறியாத வீட்டுக்கு இதனை எடுத்துச் சொன்னவர் யார்? சொல்வார் இன்றி உரிமையை இழந்த வீடுகள் நம் சேரிகளிலும் இருக்கக்கூடும் அல்லவா?

இளைஞர்களே! மருத்துவராகுங்கள், பொறியாளராகுங்கள், மகிழ்கிறோம். எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஈராண்டு பயின்று சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறலாம் என்பதையும் அறியுங்கள். அடுத்த நோய்க்காலம் வரும்போது, அந்த வாயிலின் உட்புறத்திலிருந்து நம் பிள்ளை ஒருவர் வெளியே வந்து, நிற்பவரை “அம்மா” என்று அழைக்க வேண்டும். அதற்கு இக்கழகம் வழி செய்யுமாக!