பதில் பக்கத்து வீட்டுல இருக்கலாம்

எங்க டீம்ல தொடர்ந்து மூணு ரிலீஸை ரோல்பேக் பண்ண வேண்டி வந்தது. உடனே ஒரு புது ஃப்ரேம்வொர்க், ரெண்டு நாள் பயிற்சி, சுவர் முழுக்க கலர் கலரா ஸ்டிக்கி நோட்ஸ். அந்த ஐடியா கொடுத்ததே நான்தான். நாலாவது ரிலீஸும் ஊத்திக்கிச்சு.

அப்போதான் வியட்நாம் கதை ஞாபகம் வந்தது. 1990-ல ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் தம்பதி சேவ் தி சில்ட்ரன் அமைப்புக்காக அங்க போறாங்க. கிராமங்கள்ல பாதிக்கு மேல குழந்தைகளுக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு. அரசாங்கம் கொடுத்த கெடு ஆறே மாசம். வறுமை, சுத்தமில்லாத தண்ணி எல்லாம்தான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதை ஆறு மாசத்துல யாராலும் தீர்க்க முடியாது.

அதனால கேள்வியையே மாத்தினாங்க. ஊர்க்காரங்களை வெச்சே குழந்தைகளை எடை போட்டு, "ரொம்ப ஏழை வீட்டுலயும் நல்லா வளர்ற குழந்தை இருக்கா?"ன்னு தேடினாங்க. இருந்தாங்க! அந்த அம்மாக்கள் வயல்ல கிடைக்கிற குட்டி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரையைச் சோத்துல சேர்த்தாங்க. அதெல்லாம் குழந்தைக்கு ஆகாதுன்னு ஊர் ஒதுக்கி வெச்சிருந்தது. ஒரு நாளைக்கான சாப்பாட்டையும் ரெண்டு வேளைக்குப் பதிலா மூணு நாலு வேளையா பிரிச்சு ஊட்டினாங்க.

இதை வெறும் அறிவுரையா சொல்லிட்டு அவங்க கிளம்பல. மத்த அம்மாக்களைக் கூப்பிட்டு, ரெண்டு வாரம் சேர்ந்து சமைக்க வெச்சாங்க. நுழைவுக் கட்டணம்? ஒரு கைப்பிடி இறாலோ கீரையோ. முதல்ல கை பழகுச்சு, அப்புறம் மனசு மாறுச்சு. அடுத்த ஊருக்குப் போனப்போ இறாலைக் கொண்டுபோகல, தேடுற முறையைத்தான் கொண்டுபோனாங்க. இதுக்குப் பேரு பாசிட்டிவ் டீவியன்ஸ்.

நாங்களும் கேள்வியை மாத்தினோம்: நாலு ரிலீஸ்லயும் உடையாதது யாரோட கோட்? போன வருஷம் சேர்ந்த ஒரு பொண்ணோடது. முந்தின நாள் டேட்டாவைக் காப்பி எடுத்து, அதுல ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாங்களாம். நோட்டுல பன்னண்டு வரி செக்லிஸ்ட். "ஏன் சொல்லவே இல்ல?"ன்னேன். "யாரும் கேக்கலையே அண்ணா"ன்னாங்க. சுருக்குன்னு இருந்தது.

அடுத்த ரிலீஸுக்கு அவங்க பக்கத்துல உக்காந்து எல்லாரும் செஞ்சு பார்த்தோம். அது தப்பிச்சது. ஒரே ஒரு ரிலீஸ்தான், அதுக்குள்ள கொண்டாட முடியாது. யாருமே தீர்க்காத பிரச்சனைக்கு இந்த முறை உதவவும் செய்யாது. ஆனா வெளியில இருந்து ஃப்ரேம்வொர்க் வாங்குறதுக்கு முன்னாடி, இதே ஆபீஸ்ல, இதே டெட்லைன்ல யாருக்கு இது உடையலன்னு ஒருமுறை கேட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!