குழித்தறியும் கால் வீக்கமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்டப்போ கடன் திருப்பிச் செலுத்துறதைப் பத்தித்தான் பேசச் சொல்வாங்கன்னு நினைச்சேன். "நீ மாத்திரை கொடுக்கப் போற வீடுகள்ல என்ன பாக்கிறியோ அதைச் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகாதார தன்னார்வலரா வேலை செய்றேன். நம்ம குழுக்கள்ல இருந்துதான் எங்களை எடுத்தாங்க. அதனால பயிற்சியில கத்துக்கிட்டதையும், டாக்டருங்க கிட்ட கேட்டுத் தெரிஞ்சதையும், கண்ணால பாத்ததையும் மட்டும் சொல்றேன்.

முதல்ல எங்க அத்தையைப் பத்திச் சொல்லணும். என் மாமியார். முப்பத்தஞ்சு வருஷம் குழித்தறியில உக்காந்தவங்க. பாவு பூட்டினா அந்தச் சேலை இறங்குற வரைக்கும் வேற நினைப்பே இருக்காது. ஐம்பத்தெட்டு வயசுல கால் வீங்க ஆரம்பிச்சுது. சாயந்திரம் குழியை விட்டு எழுந்தா கணுக்கால் தெரியாது, விரலால அழுத்தினா பள்ளம் விழுந்து அப்படியே நிக்கும். நாங்க என்ன சொன்னோம்? "நாள் பூரா குழிக்குள்ள காலைத் தொங்கப் போட்டா வீங்காம என்ன பண்ணும்?" நானும் அதையேதான் சொன்னேன். இடுப்பு வலி, முட்டி வலிக்கு மருந்துக் கடையில சீட்டு இல்லாம வாங்குற வலி மாத்திரையை ரெண்டு வருஷமா தினம் ஒண்ணு போட்டாங்க. அப்புறம் ராத்திரி ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு சுவர்ல சாஞ்சே தூங்கினாங்க. அதையும் வயசுன்னு விட்டோம்.

2019 தை மாசம், விடியக்காலை மூணு மணிக்கு மூச்சு விட முடியாம எழுந்து உக்காந்துட்டாங்க. ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எக்கோ எடுத்துப் பாத்துட்டு, பம்பிங் முப்பதுதான் இருக்குன்னாங்க. சீட்டுல இதய செயலிழப்புன்னு எழுதியிருந்தது. அதைப் படிச்சதும் எங்க வீட்டுக்காரர் அழுதுட்டாரு. செயலிழப்புன்னா இதயம் நின்னு போச்சுன்னு நினைச்சுட்டாரு.

அந்தப் பேரே சரியில்லன்னு எனக்குத் தோணும். இதயம் நிக்கல. இறைக்கிற வேகம் குறைஞ்சு போச்சு, அவ்வளவுதான். கிணத்து மோட்டார் தேஞ்சு போனா தண்ணி மேல ஏறாம தேங்குற மாதிரி, ரத்தம் முன்னால போகாம பின்னால தேங்குது. நுரையீரல்ல தேங்கினா மூச்சு முட்டும். உடம்புல தேங்கினா கால் வீங்கும், வயிறு உப்பும். ரெண்டு மூணு நாள்ல ரெண்டு கிலோ எடை ஏறினா அது சதை இல்ல, தண்ணி.

இதுல பொம்பளைங்களுக்கு முக்கியமான ஒண்ணு இருக்கு. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பல வருஷம் இருந்தவங்களுக்கு இதயம் நல்லாவே சுருங்கும், ஆனா விறைச்சுப் போய் சரியா விரியாது. இந்த வகை வயசான பெண்கள்கிட்டதான் அதிகம். இவங்களுக்கு எக்கோவுல பம்பிங் நார்மல்னு வரும். "ஒண்ணும் இல்லையாம், வாயு"ன்னு வீட்டுல சொல்லிடுவாங்க. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, கால் வீங்குதுன்னா பம்பிங் நல்லா இருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. "அப்போ எனக்கு ஏன் மூச்சு வாங்குது?"ன்னு டாக்டர்கிட்ட திருப்பிக் கேளுங்க. கால் வீக்கம் எல்லாமே இதயமும் இல்ல. சிறுநீரகம், தைராய்டு, ரத்தசோகை, நரம்புச் சுருட்டுன்னு பல காரணம் இருக்கு. அதில் எதுன்னாலும் தறி மேல பழியைப் போட்டுட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

இந்த நோயைப் பத்தி நம்ம பக்கத்துலயே பெரிய ஆராய்ச்சி நடந்திருக்கு. 2013ல திருவனந்தபுரம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகள்ல இதய செயலிழப்புன்னு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு பண்ணி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்து டாக்டருங்க வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க. சராசரி வயசு 61. வெளிநாடுகள்ல இந்த நோய் எழுபதுக்கு மேல வருது. நமக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்துடுது. பெரும்பாலானவங்களுக்குக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. அஞ்சு வருஷம் முடியறப்போ நூத்துல 59 பேர் உயிரோட இல்ல. டாக்டருங்க வகுத்து வெச்சிருக்கிற மருந்துகளை முறையா வாங்கினவங்க ரொம்பக் கொஞ்சம். அவங்கதான் மத்தவங்களை விட அதிகமாப் பிழைச்சிருந்தாங்க.

அந்த 1,205 பேர்ல பெண்கள் பத்துல மூணு பேர்தான். இதைக் கேட்டப்போ எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. நமக்கு நோய் குறைவா வருதா, இல்ல நம்மளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது குறைவா? பதிலை உங்க உங்க வீட்டை வெச்சே யோசிச்சுக்குங்க.

எங்க அத்தை வீடு திரும்பினதும் எட்டு மாசம் மாத்திரையை ஒழுங்கா போட்டாங்க. வீக்கம் வடிஞ்சுது, மறுபடி தார் சுத்தினாங்க. அப்புறம் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பிச்சாங்க. ஏன்னு கேளுங்க. மாசா மாசம் மாத்திரை வாங்கப் போனா ஒரு நாள் பூரா வரிசையில போயிடும், கூட ஒரு ஆளும் வரணும். ரெண்டு பேர் கூலி போச்சு. முப்பது மாத்திரையை அறுபது நாளுக்கு ஓட்டினா ஒரு நாள் மிச்சம். கணக்கு சரிதான். குழுவுல வரவு செலவு எழுதின கை அது. நீர் மாத்திரையை மட்டும், கல்யாணம் காட்சி, பஸ் பயணம்னா தொடவே மாட்டாங்க. வழியில எங்க போய் ஒதுங்குறது? இதுக்கு நான் அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். இங்க இருக்கிறவங்கள்ல நீர் மாத்திரை போடுறவங்க யாரும் இதைச் செய்யாம இருந்திருக்க மாட்டீங்க. டாக்டர்கிட்ட கேட்டா, பயணத்தன்னிக்கு வீட்டுக்கு வந்தப்புறம் போட்டுக்கலாமான்னு அவங்களே நேரம் மாத்திச் சொல்வாங்க. எங்களுக்குக் கேக்கத் தோணல.

2020ல ஊரடங்கு வந்து பஸ் நின்னுது. மாத்திரையும் நின்னுது. ரெண்டு தடவை மறுபடி சேத்தோம். குழுவுல வாங்கின உள்கடனைத் தறிக்குன்னு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம். 2021 வைகாசியில போயிட்டாங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. ரெண்டரை மாசம். ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வர்ற திட்டம். 2024ல ஐக்கிய நாடுகள் சபை இதுக்கு விருது கொடுத்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன். மனசுல ஓடினது வேற.

இப்போ நான் போற வீடுகள்ல தினமும் கேக்குற பேச்சு ஒண்ணு. "பிரஷர் நார்மல்னு சொன்னாங்க, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." பாவு விறைப்பா நிக்குதுன்னு, பாவுப்படிமரத்தை இழுத்துக் கட்டின கயிறை யாராவது அவுப்பீங்களா? கயிறு இருக்கிறதாலதான் விறைப்பு இருக்கு. 2020ல தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்புல பெரியவங்கள்ல நூத்துக்கு 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்துச்சு. அப்படி இருக்கிறவங்கள்ல அது கட்டுக்குள்ள இருந்தது நூத்துக்கு 7 பேருக்குத்தான். மிச்சம் 93 பேர் இதயத்துல ஒவ்வொரு நாளும் அந்தப் பாரம் ஏறிக்கிட்டே இருக்கு. வலிக்காது, தெரியாது. 140க்கு 90ஐத் தாண்டினா அது கொதிப்புத்தான், தலை சுத்தினாலும் சுத்தாட்டாலும்.

வலி மாத்திரையைப் பத்தி இங்க அழுத்திச் சொல்லணும், ஏன்னா தறிக்காரங்க வீட்டுல இது இல்லாத வீடே இல்ல. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரைங்க உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும், பிரஷரை ஏத்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதயம் பலவீனமா இருக்கிறவங்க இதைத் தொடர்ந்து போட்டா நேரா ஆஸ்பத்திரியிலதான் போய் நிக்கணும். எங்க அத்தைக்கு இதயம் எதனால கெட்டுச்சுன்னு இப்போ யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த ரெண்டு வருஷ மாத்திரை உதவி பண்ணலன்னு அவங்களைப் பாத்த டாக்டரம்மா சொன்னாங்க. வலி இருந்தா டாக்டர்கிட்ட "எனக்கு பிரஷர் இருக்கு"ன்னு முதல்ல சொல்லிட்டு மாத்திரை கேளுங்க.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழன்னு சொல்லுது, ஒரு டீஸ்பூன். நம்ம மொழியில கணக்குப் போடுவோம். வீட்டுல அஞ்சு பேர்னா நாளுக்கு 25 கிராம், மாசத்துக்கு 750 கிராம். முக்கால் கிலோ! உங்க மளிகைச் சீட்டைப் பாருங்க, எத்தனை பாக்கெட் வாங்குறீங்கன்னு. அதுக்கு மேல அப்பளம், வடாம், கருவாடு, ஊறுகாய் தனி. அப்பளமும் ஊறுகாயும் போட்டு விக்கிற குழு நம்மகிட்டயே நாலு இருக்கு, அந்த அக்காங்க என்னை முறைக்கிறது தெரியுது. வியாபாரத்தை நிறுத்தச் சொல்லல. பிரஷர்காரங்களுக்கு உப்பு குறைச்சுத் தனியா ஒரு வகை போட்டுப் பாருங்களேன், வாங்க நான் இருக்கேன்.

கடையில சோடியம் குறைச்ச உப்புன்னு ஒண்ணு விக்குது. சீனாவுல 600 கிராமத்துல கிட்டத்தட்ட 21,000 பேர்கிட்ட, கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து அஞ்சு வருஷம் பாத்தாங்க. பக்கவாதம் நூத்துக்கு 14 பங்கு குறைஞ்சுது. நல்ல விஷயம்தான். ஆனா சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்களுக்கும், சில இதய மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் பொட்டாசியம் ஏறினா உயிருக்கே ஆபத்து. டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க.

சாப்பாடும் நடையும் உண்மையில பலன் தருமான்னு கேப்பீங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செஞ்சு 2006ல வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கு. சர்க்கரை வர்ற நிலைமையில இருந்த 531 பேர். சும்மா விட்டவங்கள்ல மூணு வருஷத்துல நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துடுச்சு. சாப்பாட்டை மாத்தி, தினம் அரை மணி நேரம் நடந்தவங்கள்ல 39 பேருக்குத்தான் வந்துது. மாத்திரை மட்டும் கொடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இதய செயலிழப்பு வர்ற வாய்ப்பு அதிகம்ங்கிறதால, இந்த வித்தியாசம் இதயத்துக்கும் சேத்துத்தான்.

அரசாங்கம் 2023ல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை வெச்சுது. காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி பிடிச்சு, பிள்ளைங்களுக்குக் கட்டிக் கொடுத்து, ஏழு மணிக்குத் தறியில உக்கார்றவ எங்க போய் 8 கிலோமீட்டர் நடக்கிறது? நமக்கு ஆகுறது வேற. மணிக்கு ஒரு தடவை குழியை விட்டு எழுந்து தெருமுனை வரை போயிட்டு வாங்க. சாயந்திரம் குழுக் கூட்டத்துக்கு வண்டியில வராதீங்க, நடந்து வாங்க. தட்டுல ஆரணி அரிசிச் சோறு ஒரு கரண்டி குறையட்டும், கீரையும் கொள்ளும் ஏறட்டும். ஆரணியில பொறந்துட்டு சோத்தைக் குறைங்கன்னு சொல்றது பாவம்தான், என்ன பண்றது.

ஏற்கெனவே இதய செயலிழப்புன்னு சொல்லப்பட்டவங்க இருந்தா, மாத்திரையில இப்போ நல்ல முன்னேற்றம் இருக்கு. சர்க்கரைக்குன்னு வந்த டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை சர்க்கரை இல்லாதவங்களுக்கும் இதயத்துக்கு உதவுதுன்னு 2019ல தெரிஞ்சுது. அடுத்த வருஷம் இந்தியாவுல காப்புரிமை முடிஞ்சு விலையும் இறங்கிடுச்சு. அதனால "எனக்குச் சர்க்கரையே இல்ல, சர்க்கரை மாத்திரை எழுதிட்டாங்க"ன்னு சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

போன மாசம் பொறுப்பாளர்கள் கூட்டத்துல பேசி வெச்சதைச் சொல்லிட்டு முடிச்சுடறேன். கூட்டமைப்பு அலுவலகத்துல ஒரு எடை மிஷினும் ஒரு பிரஷர் மிஷினும் இருக்கும். மாசக் கூட்டத்துக்கு முன்னாடி அரை மணி நேரம் நான் உக்காந்திருப்பேன். சேமிப்புப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல உங்க பிரஷரையும் எடையையும் எழுதிக் கொடுக்கிறேன். கால் வீங்குறவங்க, தலையணை கூட்டுறவங்க வெக்கப்படாம என்கிட்ட சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு நானே கூட வர்றேன். உங்களோட மாமியாரையும் கூட்டிட்டு வாங்க. புத்தகம் இல்லாதவங்க என்கிட்ட வாங்கிக்கலாம், பத்து ரூபா.